கடலோடியின் குதிரை

டெல்லிக்கு வருகிறவர்கள் குதுப்மினாரைத் தேடுவார்கள், செங்கோட்டையைத் தேடுவார்கள், சரோஜினி நகரில் மலிவு விலைச் சட்டை தேடுவார்கள். ஜார்ஜ் கிளிஃபர்டைத் தேடி வந்தவன் அநேகமாக நான் ஒருவன்தான்.

கிளிஃபர்டு, மூன்றாவது கம்பர்லாந்து பிரபு. 1558-இல் பிறந்தவர். முதலாம் எலிசபெத் ராணியின் அரசவையைச் சேர்ந்தவர். சொந்தப் பணத்தில் கப்பல் கட்டி, ஸ்பானிய, போர்த்துக்கீசியக் கப்பல்களை மறித்துப் பிடிப்பதையே தொழிலாக வைத்திருந்தவர். 1600 டிசம்பர் 31 அன்று எலிசபெத் ராணி கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சாசனம் வழங்கினார். அதில் இருநூற்றுக்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. அவற்றில் முதல் பெயர் இவருடையது. கிளைவையும் ஹேஸ்டிங்ஸையும் பள்ளிக்கூடத்தில் உருப்போட்ட நமக்கு, அந்தப் பட்டியலைத் தொடங்கி வைத்தவரை யாரும் சொல்லித் தரவில்லை.

அவருடைய முகத்தை நான் பார்த்தது ஓர் அச்சுப்படத்தில். லண்டனில் தாமஸ் காக்ஸன் என்று ஒரு செப்புத்தகட்டுச் செதுக்கர் இருந்தார். 1590களின் கடைசியிலும் அதை ஒட்டிய ஆண்டுகளிலும் இங்கிலாந்தின் போர்த் தலைவர்களை வரிசையாகக் குதிரை மேல் ஏற்றித் தகட்டில் வெட்டினார். எசெக்ஸ் பிரபு, மவுன்ட்ஜாய் பிரபு, ஸ்பானிய ஆர்மடாவை எதிர்த்து நின்ற கடற்படைத் தலைவர் சார்லஸ் ஹவார்டு, கூடவே நம் கிளிஃபர்டு. அந்தப் படங்களைக் கைப்பேசியில் சேமித்துக்கொண்டுதான் ரயிலேறினேன்.

தங்கியது லக்ஷ்மிபாய் நகரில், மத்திய அரசுப் பணியில் இருக்கும் சித்தப்பா மகனின் குவார்ட்டர்ஸில். தென் டெல்லியின் இந்தப் பகுதியில் முகவரி கேட்டுக்கொண்டே நடந்தால் விடுதலைப் போராட்ட வரலாற்றை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடலாம். ஒரு பக்கம் சரோஜினி நகர். இன்னொரு பக்கம் கிட்வாய் நகர். சற்றுத் தள்ளி நௌரோஜி நகர், நேதாஜி நகர். முக்குக்கு வந்தால் இந்திய தேசிய ராணுவத்தின் பெயரைத் தாங்கிய ஐஎன்ஏ மார்க்கெட். அக்கம்பக்கத்துக் காலனிகள் சிலவற்றில் பழைய குடியிருப்புகளை இடித்துவிட்டு அடுக்குமாடிகளை எழுப்பியிருக்கிறார்கள். ஐஎன்ஏ மார்க்கெட்டில் மட்டும் எதுவும் மாறிவிடவில்லை. முருங்கைக்காயும் வாழைப்பூவும் கறிவேப்பிலையும் கிடைக்கும்; மீன் கடைக்காரர் வஞ்சிரத்தைத் தமிழிலேயே விலை சொல்வார். லக்ஷ்மிபாய் நகருக்குள் டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்றும் இருப்பதால், மாலை நேரத்தில் தெருவில் தமிழ்ச் சத்தம் கேட்கும்.

முதல் நாள் இரவு சாப்பாடு முடிந்ததும் தம்பியிடம் படத்தைக் காட்டினேன். பெரிதாக்கி, நகர்த்தி, கொஞ்ச நேரம் பார்த்தான்.

"ஏண்ணே, கப்பல்காரர்னுதானே சொன்னீங்க? குதிரை மேல உட்காந்திருக்காரே?"

நல்ல கேள்வி. இந்தப் பயணம் முழுவதும் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் நடந்தேன்.

சார்லஸ் ஹவார்டின் படத்தை எடுத்துக்கொள்வோம். 1585 முதல் 1619 வரை இங்கிலாந்தின் தலைமைக் கடற்படைத் தளபதி. காக்ஸனின் தகட்டில் அவர் முழுக் கவசத்தோடு குதிரை மேல் இருக்கிறார். கடலும் கப்பல்களும் எங்கோ பின்னால், குதிரையின் கால்களுக்குப் பின்புறம், எறும்பு ஊர்வதுபோல் சிறுத்துக் கிடக்கின்றன. அவர் வாழ்ந்ததும் வென்றதும் அந்தச் சிறிய இடத்தில்தான். ஆனால் படத்தில் பெரிய இடம் குதிரைக்கு. காரணம் எளிது. கப்பல் ஓட்டுவது அன்றைக்குக் கைத்தொழில், மாலுமியின் வேலை. குதிரையேறுவது பிரபுவின் பிறப்புரிமை. கடலில் எத்தனை வெற்றி பெற்றாலும், மக்கள் முன் நிற்கும்போது பிரபு தரைக்கு வந்து குதிரையில் ஏறிக்கொள்ள வேண்டியிருந்தது.

கிளிஃபர்டுக்கு வேறு வகைப் படங்களும் உண்டு. 1590-இல் அவர் ராணியின் போட்டி வீரராக நியமிக்கப்பட்டார். ராணியின் சார்பில் குதிரையேறி ஈட்டிப் போட்டியில் மோதும் கௌரவப் பதவி. அந்தக் கோலத்தில் நிக்கலஸ் ஹில்லியர்டு தீட்டிய நுண்ணோவியம் இப்போது கிரீனிச்சின் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ராணி கொடுத்த கையுறையைத் தொப்பியில் செருகிக்கொண்டு நிற்கிறார். அவர் அணிந்த கவசம் ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஓவியமும் கவசமும் ஒரு சிலர் பார்ப்பதற்காகச் செய்தவை. காக்ஸனின் படம் கடையில் தொங்கியது. காசு கொடுத்தால் யாரும் வாங்கலாம்.

அந்தப் படம் உருவாகும் விதத்தையும் சொல்ல வேண்டும். வழவழப்பாகத் தேய்த்த செப்புத் தகட்டில், நுனி சாய்வாக வெட்டிய எஃகு உளியை உள்ளங்கையால் தள்ளிக் கோடு கிழிப்பார்கள். அழுத்தினால் கோடு தடிக்கும், தளர்த்தினால் மெலியும். நிழல் வேண்டிய இடத்தில் கோட்டின் மேல் குறுக்குக் கோடு. பிறகு தகடு முழுக்க மையைப் பூசித் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் மை தங்கும். ஈரத்தாளை அதன் மேல் வைத்து இரண்டு உருளைகளுக்கு இடையில் செலுத்தினால் தாள் அந்த மையை உறிஞ்சிக்கொண்டு வெளியே வரும். தகட்டில் வலமாக இருப்பது தாளில் இடமாக விழும் என்பதால் செதுக்கர் எல்லாவற்றையும் திருப்பிப்போட்டே யோசிக்க வேண்டும். ஒரு தகட்டிலிருந்து நூற்றுக்கணக்கில் படம் எடுக்கலாம். செம்பு தேய்ந்தால் கோட்டை மறுபடி ஆழப்படுத்திக்கொள்ளலாம்.

இந்தக் கடைசி வசதியால் ஒரு வேடிக்கையும் நடந்தது. பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் பியேர் லோம்பார் என்பவர் ஒலிவர் கிராம்வெல்லைக் குதிரை மேல் வைத்து ஒரு தகடு செதுக்கினார். பிறகு முகத்தை மட்டும் தேய்த்து அழித்துவிட்டு பிரான்ஸின் பதினான்காம் லூயியை வைத்தார்கள். கிராம்வெல் தலையை வெட்டவைத்த முதலாம் சார்லஸ் மன்னரும் இன்னொரு பதிப்பில் அதே குதிரையில் வந்து அமர்ந்தார். இடையில் தலையே இல்லாமல் எடுத்த பிரதிகூட இன்றைக்கும் இருக்கிறது. குதிரையும் கவசமும் வானமும் அப்படியே இருக்க, ஆள் மட்டும் மாறிக்கொண்டிருந்தார்.

அரசாங்கம் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. 1600 ஆகஸ்ட் 30 அன்று எலிசபெத் ராணியின் ஆலோசனைக் குழு கான்டர்பரி தலைமைப் பேராயருக்கு ஒரு கடிதம் எழுதியது. பிரபுக்களின் உருவத்தைச் செம்பில் வெட்டித் தாளில் அச்சிட்டு, தகாத செய்யுள்களும் சேர்த்து விற்கும் வழக்கம் புதிதாகக் கிளம்பியிருக்கிறது, அதை நிறுத்துங்கள் என்பது அதன் சாரம். அவர்களுக்கு உறுத்தலாக இருந்தது எசெக்ஸ் பிரபுவின் படம். அயர்லாந்துப் படையெடுப்பில் தோற்று, ராணியின் கோபத்துக்கு ஆளாகிக் காவலில் இருந்த மனிதர், கடைத்தெருவில் வெற்றி வீரராகக் குதிரையில் நின்றுகொண்டிருந்தார். அடுத்த பிப்ரவரியில் அவர் லண்டனில் கலகம் செய்ய முயன்று, அந்த மாதமே தலை இழந்தார். கடிதத்தைப் பெற்ற பேராயர் ஜான் விட்கிஃப்ட், கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் இளம் கிளிஃபர்டுக்கு ஆசிரியராக இருந்தவர். மாணவனின் படமும் விற்பனையில் இருந்த வகைதான்.

மறுநாள் காலை தில்லி ஹாட் – ஐஎன்ஏ நிலையத்தில் மஞ்சள் தடத்து மெட்ரோவைப் பிடித்து சென்ட்ரல் செக்ரடேரியட்டில் இறங்கினேன். ஜன்பத்தில் இருக்கும் தேசிய அருங்காட்சியகம் நடக்கும் தூரம். திங்கட்கிழமை விடுமுறை, அதைக் கணக்கில் வைத்துக்கொண்டு போவது நல்லது.

போகும் வழியெல்லாம் கிளிஃபர்டின் கப்பலை நினைத்துக்கொண்டிருந்தேன். அவரை இந்தியாவோடு கட்டிப்போடுவது கப்பல்தான். 1592 ஆகஸ்டில் அசோரஸ் தீவுகளுக்கு அருகே அவருடைய கப்பல்களும் வால்டர் ராலே முதலியோர் அனுப்பிய கப்பல்களும் சேர்ந்து 'மாட்ரே தே தேயுஸ்' என்ற போர்த்துக்கீசியப் பெருங்கப்பலைப் பிடித்தன. இந்தியாவிலிருந்து லிஸ்பனுக்குத் திரும்பிக்கொண்டிருந்த கப்பல். மிளகு, கிராம்பு, பட்டை, ஜாதிக்காய், பட்டு, பருத்தித் துணி, முத்து என்று அதன் வயிறு நிறைய நம் பக்கத்துச் சரக்கு. டார்ட்மத் துறைமுகத்துக்குக் கொண்டு வருவதற்குள் மாலுமிகள் பாதியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்கள். துறைமுகத்தில் கொள்ளை கட்டுக்கடங்காமல் போகவே, லண்டன் கோட்டைச் சிறையில் இருந்த ராலேயை வெளியே விட்டு அனுப்பிக் கூட்டத்தை அடக்கினார்கள். மிச்சத்தில் பெரும் பங்கு ராணிக்குப் போனது. ஆனால் லண்டன் வணிகர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டார்கள்: ஒரே கப்பலில் இவ்வளவு என்றால், ஊற்றுக்கண்ணுக்கே போனால் எவ்வளவு!

1595-இல் கிளிஃபர்டு டெட்ஃபோர்டில் 'ஸ்கர்ஜ் ஆஃப் மேலிஸ்' என்ற போர்க்கப்பலைக் கட்டினார். 1598-இல் அதைத் தலைமைக் கப்பலாக வைத்துக்கொண்டு பியூர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் நகரைப் பிடித்தார். படையில் வயிற்றுப்போக்கு பரவியதால் வைத்துக்கொள்ள முடியாமல் திரும்பினார். இத்தனை படையெடுப்பிலும் சேர்ந்தது கடன்தான். கடைசியில் அந்தக் கப்பலைப் புதிதாகப் பிறந்த கம்பெனிக்கு விற்றார். அவர்கள் அதற்கு 'ரெட் டிராகன்' என்று பெயர் மாற்றி, ஜேம்ஸ் லங்காஸ்டர் தலைமையில் 1601-இல் முதல் பயணத்துக்கு அனுப்பினார்கள். 1612-இன் கடைசி மாதங்களில் சூரத்துக்கு அருகே சுவாலிக் கடலில், தாமஸ் பெஸ்டின் கீழ், போர்த்துக்கீசியக் கப்பல்களை எதிர்த்துச் சண்டையிட்டு நின்றது இதே கப்பல். கரையில் இருந்த முகலாய அதிகாரிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகுதான் கம்பெனிக்குச் சூரத்தில் நிலையாகக் கால் ஊன்ற அனுமதி கிடைத்தது. கிளிஃபர்டு அதைப் பார்க்கவில்லை, 1605-இலேயே இறந்துவிட்டார். கப்பலை 1619-இல் டச்சுக்காரர்கள் சுமத்ராக் கரையில் அழித்தார்கள்.

கப்பல் வந்துவிட்டது. படங்கள் வந்தனவா? அருங்காட்சியகத்தின் நுண்ணோவியக் கூடத்தில் அதற்கு விடை இருக்கிறது. மாதா படத்தைக் கையில் ஏந்தியிருக்கும் ஜஹாங்கீரின் ஓவியம் இங்கேதான் இருக்கிறது. பாதுஷாவின் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம். அவர் கையில் கன்னி மரியாள். அகன்ற உலகை ஆண்ட ஒருவர், வேறொரு மதத்தின் உருவப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு தன் உருவத்தை எழுதச் சொல்லியிருக்கிறார்.

ஐரோப்பியச் செப்புத்தகட்டுப் படங்கள் முகலாய அரண்மனைக்குக் கம்பெனிக்கு முன்பே வந்துவிட்டன. 1580-இல் கோவாவிலிருந்து ஃபதேபூர் சிக்ரிக்குப் போன இயேசு சபைப் பாதிரியார்கள் ஆண்ட்வெர்ப்பில் பிளான்டின் அச்சிட்ட பன்மொழி விவிலியத்தை அக்பருக்குப் பரிசளித்தார்கள். அதில் இருந்த படங்களை ஓவியர்கள் பிய்த்து ஆராய்ந்தார்கள். கேசு தாஸ் இத்தாலிய அச்சுப்படம் ஒன்றைப் பார்த்துப் புனித ஜெரோமை வரைந்தார். அபுல் ஹசன் 1600-இல், தனக்குப் பதின்மூன்று வயதாக இருக்கும்போது, ஜெர்மானிய மேதை டியூரரின் அச்சுப்படத்திலிருந்து புனித யோவானை மட்டும் தனியாகப் பெயர்த்து எடுத்து வரைந்தான். அந்தத் தாள் இப்போது ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கிறது. உளி கிழித்த குறுக்குக் கோடுகளை அணில் வால் மயிரால் செய்த தூரிகை கொண்டு மையிலேயே கொண்டுவந்தார்கள். வண்ணம் தொட்டும் தொடாமலும் வரையும் 'நீம் கலம்' பாணி அந்தப் பழக்கத்தில் செழித்தது.

1615-இல் கம்பெனி ஆட்கள் அஜ்மீருக்குக் கொண்டுபோன அன்பளிப்புகளில் படங்களும் இருந்தன. அவற்றில் கம்பெனியின் தலைவர் தாமஸ் ஸ்மித்தின் உருவப்படம் ஜஹாங்கீருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. ஓவியர்களை வரவழைத்துக் காட்டியபோது, இப்படி எங்களால் முடியாது என்று அவர்கள் ஒப்புக்கொண்டதாகக் கம்பெனிக்காரர் பெருமையாக ஊருக்கு எழுதினார். அதன் பிறகு வந்த தூதர் தாமஸ் ரோவுக்கு அந்தப் பெருமை நிலைக்கவில்லை. அவர் கொண்டுவந்த நுண்ணோவியம் ஒன்றை அரண்மனை ஓவியர் ஐந்து பிரதி எடுக்க, அவற்றை மூலத்தோடு சேர்த்து மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் முன்னே வைத்தார்கள். தன்னுடையது எது என்று கண்டுபிடிக்க ரோ திணறிப்போனார். பாதுஷா அதை வெகுவாக ரசித்தார்.

பிரபு யார், அவர் என்ன வென்றார் என்பதையெல்லாம் முகலாய ஓவியர்கள் கேட்டுக்கொள்ளவில்லை. ஒளிவட்டம் வேண்டும், எடுத்துக்கொண்டார்கள். மேகத்தில் மிதக்கும் குழந்தைகள், துணியின் மடிப்பு, தொலைவில் சிறுத்துப்போகும் ஊர், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள். பிச்சித்ர் வரைந்த புகழ்பெற்ற ஓவியத்தில் இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸே இடம்பெற்றிருக்கிறார். ஆனால் ஜஹாங்கீர் புத்தகத்தை நீட்டுவது ஒரு சூஃபிப் பெரியவருக்கு. ஜேம்ஸ் கீழே ஓரத்தில் காத்திருக்கிறார். லண்டனில் கம்பீரம் காட்டிய உருவத்தை, இங்கே வரிசையில் நிற்க வைத்துவிட்டார்கள்.

அருங்காட்சியகத்திலிருந்து வெளியே வந்து கர்தவ்ய பாதையில் இந்தியா கேட் நோக்கி நடந்தேன். டெல்லி வெயிலில் நடக்க உகந்த பாதை அல்ல. ஆனாலும் நடந்தே பார்க்க வேண்டிய பாதை. இந்தியா கேட்டுக்குப் பின்னால் கல் மண்டபம் ஒன்று தனியாக நிற்கிறது. கட்டடக் கலைஞர் லுட்யன்ஸ் வடிவமைத்தது. மாமல்லபுரத்து மண்டபம் ஒன்றின் சாயலில் எழுந்தது என்பார்கள். அதைக் கேட்டபின் தமிழ்க் கண்ணுக்கு அது கொஞ்சம் சொந்தமாகத் தெரியும். 1930களில் அதற்குள் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் முடிசூட்டு அங்கியோடு நின்றார். விடுதலைக்குப் பிறகும் இருபது ஆண்டுகள் நின்றார். 1968-இல் அவரை இறக்கிக் கொண்டுபோனார்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் மண்டபம் காலியாகவே இருந்தது. 2022 செப்டம்பர் 8 அன்று 28 அடி உயரக் கறுப்புக் கிரானைட்டில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் அங்கே எழுந்தார்.

லோம்பாரின் தகடு சட்டென்று நினைவுக்கு வந்தது. மண்டபம் அதேதான், ஆள் மாறியிருக்கிறார். இடையில் தலையில்லாத குதிரைக்காரனுக்கு ஒப்பாக ஒரு காலிப் பீடமும் இருந்திருக்கிறது.

இறக்கப்பட்ட ஜார்ஜைப் பார்க்க மீண்டும் மஞ்சள் தடம். ஜிடிபி நகரில் இறங்கி ஆட்டோ பிடித்தால் கோரனேஷன் பார்க். 1911 தர்பார் நடந்த இடம். உயரமான பீடத்தில் மன்னர். அருகே சில வைஸ்ராய்கள். பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிலை யாருடையது என்று ஒரு பையனிடம் கேட்டேன். "கோயி அங்ரேஸ் ஹை" என்றான். யாரோ ஒரு வெள்ளைக்காரன். அங்கி, கிரீடம், பீடம், எல்லாம் இருந்தும் பெயர் கழன்றுவிட்டது. கிளிஃபர்டுக்கும் இதுதான் நேர்ந்தது. உலகின் அருங்காட்சியகங்களில் அவருடைய கவசமும் முகமும் பத்திரமாக இருக்கின்றன. கடன்தான் அவர் மகள் ஆன் கிளிஃபர்டின் காலம்வரை துரத்தியது. சொத்துரிமைக்காக அந்தப் பெண் பல பத்தாண்டுகள் வழக்காட வேண்டியிருந்தது.

நான் தங்கியிருந்த காலனிக்குப் பெயர் கொடுத்தவரின் கதை இதற்கு நேர் எதிர். ஜான்சி ராணி லக்ஷ்மிபாய்க்கு, உயிரோடிருந்தபோது எடுத்தது என்று எல்லோரும் ஐயமின்றி ஏற்கும் படம் ஒன்றுகூட இல்லை. 1858 ஜூனில் குவாலியரில் அவர் வீழ்ந்தார். முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டு, வாளை உயர்த்தி, குதிரையில் பாயும் அந்த உருவம் பின்னால் வந்தது. நாட்டுப்பாடலும் பஜார் அச்சுப்படமும் காலண்டரும் நகரச் சதுக்கத்துச் சிலைகளும் சேர்ந்து அதை உருவாக்கின. முகம் ஊருக்கு ஊர் மாறும். குதிரை மாறாது. தம்பியின் கேள்விக்கு இங்கேதான் முழு விடை கிடைத்தது. லண்டன் செதுக்கரும் சிவகாசி அச்சகமும் விற்றது முகத்தை அல்ல, முகம் இருக்க வேண்டிய இடத்தை. அந்த இடத்தில் கிளிஃபர்டு தன்னைப் பணம் செலவழித்து வைத்துக்கொண்டார். லக்ஷ்மிபாயை மற்றவர்கள் வைத்தார்கள்.

1600-இல் ஆணை போட்ட ஆலோசனைக் குழுவுக்குப் பாதிதான் புரிந்திருந்தது. கடையில் தொங்கும் படத்தைப் பறிமுதல் செய்யலாம், தகட்டை உருக்கலாம். படமே இல்லாமல் வாய்வழி வரும் பெயரை என்ன செய்வது? 1943 ஜூலையில் சிங்கப்பூரில் நேதாஜி பெண்களுக்கென்று ஒரு படைப்பிரிவை அறிவித்து, அதற்கு ஜான்சி ராணியின் பெயரை வைத்தார். தலைமை ஏற்றவர் சென்னையில் பிறந்த டாக்டர் லக்ஷ்மி சுவாமிநாதன். அக்டோபர் 22 அன்று பயிற்சி முகாம் தொடங்கியது. சேர்ந்தவர்களில் பலர் மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்த தமிழ்ப் பெண்கள். ஜான்சி எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. ராணி இறந்து 85 ஆண்டுகள் கழித்து, அவர் பெயரைச் சொல்லி அந்தப் பெண்கள் துப்பாக்கி ஏந்தக் கற்றுக்கொண்டார்கள்.